அத்தோ: வடசென்னைத் தெருவில் ஒரு வரலாற்றுப் பாடம்

கல்வியாண்டின் தொடக்கத்தில் எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைச் சரிபார்க்கும் வேலை நம் எல்லோருக்கும் பழக்கமானது. எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா என்ன வேலை செய்யறாரு?" என்ற கேள்விக்கு ஒரு மாணவி, "கூலின்னு போட்டுக்கோங்க மிஸ்" என்றாள். என்ன கூலி என்று நான் கேட்பதற்குள் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பையன், "அவங்கப்பா அத்தோ வண்டி வெச்சிருக்காரு மிஸ்" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வகுப்பில் அத்தோ சாப்பிடாத பிள்ளை ஒருவர்கூட இருக்க மாட்டார். மாலையானால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சேர்த்துக்கொண்டு பேஜோ வாங்கப் போகிறவர்கள்தான் அவர்கள். விரும்பிச் சாப்பிடுகிற ஒரு பொருளைச் செய்பவரின் மகளுக்கு அதைச் சொல்ல ஏன் கூச்சமாக இருக்கிறது? அந்தக் கேள்விக்கு என்னிடமும் உடனடியான பதில் இல்லை. அந்தத் தட்டின் பின்னால் இருக்கும் வரலாற்றை நானே வகுப்பில் ஒருநாளும் பேசியதில்லை என்பது மட்டும் உறைத்தது. அதன்பிறகு தேடிப் படித்ததையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தட்டில் என்ன இருக்கிறது?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி ஆகிய பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு அத்தோவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்ற மாவட்ட ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிர்ப்புறம், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் மாலை நேரத்தில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த நூடுல்ஸ் மலைபோல் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு பேசினில் கைப்பிடி நூடுல்ஸை எடுத்துப் போடுவார். மெல்லியதாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பூண்டு காய்ச்சிய எண்ணெய், மிளகாய்த்தூள், புளிக்கரைசல், உப்பு, கொஞ்சம் கடலை மாவு எல்லாவற்றையும் சேர்ப்பார். மேலே பேஜோவை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார். கூடவே ஒரு கிண்ணத்தில் சூடான வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளிநீரும் விட்டுத் தருவது முட்டை மசாலா. அதே சூப்பில் நூடுல்ஸைப் போட்டுத் தந்தால் அது மொய்ங்கா.

இந்தப் பெயர்களே ஒரு மொழிப்பாடம். பர்மிய மொழியில் 'தோ' என்றால் கலத்தல், பிசைதல். 'அத்தோ' என்பது பிசைந்து செய்த உணவு. நூடுல்ஸுக்கு அங்கே 'கௌஸ்வே' என்று பெயர். ஆகவே நாம் சாப்பிடுவது முறைப்படி 'கௌஸ்வே தோ'. பேஜோவில் 'பே' என்பது பருப்பு, 'ஜோ' என்பது பொரித்தது. நம் பருப்பு வடையைப் போலவே பொருளையும் செய்முறையையும் சேர்த்து வைத்த பெயர். 'கையால் பிசைகிறார்கள்' என்று சில பிள்ளைகள் முகம் சுளிப்பதுண்டு. பிசைவதுதான் அந்த உணவின் பெயரே என்று தெரிந்தபோது அவர்கள் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தார்கள். அந்த விழிப்பிலிருந்துதான் எங்கள் பாடம் தொடங்கியது.

கடலுக்கு அப்பால் ஒரு தமிழ் நகரம்

வகுப்பில் உலக வரைபடத்தை விரித்துச் சென்னையையும் யாங்கோனையும் (பழைய ரங்கூன்) ஓர் அளவுகோலால் இணைக்கச் சொல்லுங்கள். நேர்கோட்டுத் தூரம் சுமார் 1,750 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டில்லிக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். வங்கக் கடலின் மறுகரை நம் தலைநகரை விடத் தொலைவில் இல்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து கண்டுபிடிக்கும்போது, 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு அவர்கள் மனத்தில் இருக்கும் படம் மாறிவிடுகிறது.

ஆங்கிலேயர்கள் மூன்று போர்களில் பர்மாவைப் படிப்படியாகக் கைப்பற்றினார்கள். 1826, 1852, 1885 ஆகிய ஆண்டுகளைக் காலக்கோட்டில் குறிக்கலாம். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பாவுக்குப் போகும் கடல்வழி சுருங்கியது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல்வயல்களாகின. அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அறுவடைக்கும், அரிசி ஆலைக்கும், துறைமுகத்துக்கும் தேவைப்பட்ட உழைப்பாளிகள் தமிழ், தெலுங்கு, ஒரியாப் பகுதிகளிலிருந்து கப்பல் ஏறினார்கள். 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்களே.

இப்படிப் போனவர்கள் தங்கள் உணவையும் கொண்டுபோனார்கள். தோசையும் பரோட்டாவும் இன்றும் யாங்கோன் தெருக்களில் கிடைக்கின்றன. பரோட்டாவுக்கு அங்கே 'பலாட்டா' என்று பெயர். நம்மூர்ச் சமோசாவை வெட்டி, முட்டைக்கோஸும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து 'சமூசா தோ' ஆக்கியிருக்கிறார்கள். இங்கிருந்து போன ஒன்று அங்கே 'தோ' ஆனது. அங்கிருந்து 'தோ' இங்கே வந்தது. கொடுக்கல் வாங்கல் என்ற கருத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு முறை இழந்தவர்கள்

இந்தப் போக்குவரத்து இரண்டு முறை பெரும் துயரத்தில் முடிந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசின. அடுத்த சில மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் மலைகளையும் காடுகளையும் கடந்து அஸ்ஸாம், மணிப்பூர் நோக்கி நடந்தார்கள். வழியில் பசியாலும் நோயாலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டும் பர்மாவுக்கே திரும்பினார்கள். வீடும் வேலையும் பிறந்த மண்ணும் அவர்களுக்கு அங்கேதான் இருந்தன.

1948-இல் பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச்சில் ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். தொடர்ந்து வங்கிகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. 1964-இல் கடைகளும் எடுத்துக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் சுமார் 3 லட்சம் பேர் வெளியேறினார்கள். பணம், நகை கொண்டுவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பலர் இங்கே பிறந்தவர்கள் அல்லர். 'தாயகம் திரும்பியோர்' என்று ஆவணங்கள் அவர்களைக் குறிப்பிட்டாலும், பலருக்கு அதுதான் தமிழ்நாட்டை முதன்முதலில் பார்த்த நாள்.

வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பகுதியிலும் அவர்களுக்கான குடியிருப்புகள் உருவாயின. எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. காரைக்குடி, தஞ்சாவூர் போன்ற ஊர்களிலும் பர்மா காலனிகள் உண்டு. கடற்கரை ரயில் நிலையம் அருகே இராஜாஜி சாலை ஓரத்தில் 1960-களின் இறுதியில் பர்மா பஜார் உருவானது. தாயகம் திரும்பியோருக்குக் கடன் தருவதற்காக 1969-இல் ஒன்றிய அரசு தொடங்கியதுதான் ரெப்கோ வங்கி. அந்தப் பெயரின் முதல் பகுதி 'தாயகம் திரும்பியோர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். தெருவில் தினமும் பார்க்கிற பெயர்ப்பலகை ஒரு வரலாற்றுச் சான்று என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. இங்கே வாழ முடியாமல் மீண்டும் பர்மாவுக்கே நடந்து போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே நகரத்திலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

ஏன் உணவுக் கடை?

கடையையும் நிலத்தையும் பறிகொடுத்தவர்களிடம் மிச்சம் இருந்தது கைப்பக்குவம். அத்தோவுக்குப் பெரிய முதலீடு வேண்டாம். ஒரு தள்ளுவண்டி, இரண்டு மூன்று பேசின்கள், ஓர் அடுப்பு போதும். பேஜோவை வீட்டிலேயே பொரித்து எடுத்துவரலாம். பாரிமுனையும் துறைமுகமும் அருகில் இருந்ததால், மாலையில் வேலை முடிந்து வருகிற கூலித் தொழிலாளர்களும் கடைச் சிப்பந்திகளும் பசியோடு அந்த வழியாகத்தான் ரயிலுக்குப் போவார்கள். நொடியில் பிசைந்து தருகிற, வயிறு நிறைகிற, விலை மலிவான உணவுக்கு இடம் இருந்தது.

வந்த உணவு அப்படியே நிற்கவில்லை. பர்மாவில் இந்தக் கலவைகளில் மீன்சாறும் உலர்ந்த இறால் பொடியும் சேர்ப்பார்கள். மொய்ங்கா என்பதே அங்கே மீன் குழம்பில் மிதக்கும் அரிசி நூடுல்ஸ்தான். வாழைத்தண்டு அதில் ஒரு சேர்மானம். சென்னைத் தெருவில் மீன்சாறு பெரும்பாலும் விடுபட்டது. புளியும் மிளகாயும் முன்னுக்கு வந்தன. வாழைத்தண்டு தனி சூப்பாகவே நின்றுவிட்டது. சைவம் சாப்பிடுபவரும் முட்டை மட்டும் சாப்பிடுபவரும் ஒரே வண்டியில் நிற்கலாம் என்றானது. 'எது உண்மையான அத்தோ?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டுமே உண்மையானவை. இடம் மாறினால் உணவும் கொஞ்சம் மாறித்தான் பிழைக்கிறது, மனிதர்களைப் போலவே.

மணிலாவுக்குப் போன கறி

இது பர்மாவோடு முடிகிற கதை அல்ல. 1762-இல் பிரிட்டிஷ் படை ஒன்று ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்ஸை நோக்கிச் சென்னையிலிருந்து கப்பலில் புறப்பட்டது. ஜார்ஜ் கோட்டையிலிருந்து இந்தியச் சிப்பாய்களும் அதில் சென்றார்கள். அக்டோபரில் மணிலா வீழ்ந்தது. 1764-இல் படை திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்கு அருகில் உள்ள கயின்டா என்ற ஊரில் குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டார்கள். பிலிப்பைன்ஸில் நிலக்கடலை அரைத்து ஊற்றிச் செய்யும் 'கரே-கரே' என்ற குழம்பு உண்டு. அந்தச் சிப்பாய்களின் 'கறி'தான் அது என்று அங்கே பலரும் சொல்வார்கள். அதேபோல் மணிலாவின் தெருக்கடைகளில் விற்கும் 'பன்சிட்' என்ற நூடுல்ஸ், தென்சீனாவிலிருந்து வந்த வணிகர்கள் கொண்டுவந்தது.

இதை வகுப்பில் சொல்லும்போது ஒரு வேறுபாட்டையும் கற்றுத்தர முடியும். சிப்பாய்கள் சென்னையிலிருந்து போனதற்கு ஆவணம் உண்டு. 'கரே-கரே' அவர்களுடையது என்பது வாய்வழிக் கதை. சான்றையும் சொல்வழக்கையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வரலாற்றுப் பாடத்தின் அடிப்படை. இரண்டையும் தனித்தனி நிறத்தில் காலக்கோட்டில் எழுதச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட அது புரிந்துவிடும்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளுக்கு: 'நேற்று மாலை என்ன சாப்பிட்டாய்?' என்ற கேள்வியோடு தொடங்கலாம். வரும் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, அவித்தது, பொரித்தது, பிசைந்தது என்று வகைப்படுத்தலாம். பேஜோ, சுண்டல், வறுத்த மீன், போண்டா எல்லாம் சொல்லட்டைகளாகும். ஒரு தட்டில் நான்கு பேஜோ என்றால் ஆறு தட்டில் எத்தனை என்பது அவர்களுக்கு உயிருள்ள பெருக்கல் கணக்கு.

நடுநிலை வகுப்புகளுக்கு: வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் ஐந்து கேள்விகளோடு பேட்டி எடுத்துவரச் சொல்லலாம். நீங்கள் சிறுவயதில் விரும்பிய உணவு எது? அதை யார் செய்தார்கள்? அவர் யாரிடம் கற்றார்? இப்போது அதில் என்ன மாறியிருக்கிறது? அந்த உணவு எந்த ஊரிலிருந்து வந்தது? பதில்களை ஒரே வரைபடத்தில் நூல்கட்டி இணைத்தால் வகுப்பின் உணவு வரைபடம் தயார்.

அறிவியலுக்கு: நூடுல்ஸில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் கருநீலம் தோன்றும்; மாவுச்சத்துக்கான சோதனை. புளிக்கரைசலில் நீல லிட்மஸ் தாள் சிவப்பாகும். நூடுல்ஸின் நிறம் மஞ்சளால் வந்ததா என்று பார்க்க, அதன்மேல் சோப்புநீரை விடலாம். மஞ்சள் காரத்தில் சிவக்கும். சிவக்காவிட்டால் அது வேறு நிறமி. அப்போது, உணவில் எந்த நிறமிகளுக்கு அனுமதி உண்டு, எவற்றுக்குத் தடை என்று பேசலாம். சோதனைக்குப் பயன்படுத்தியதை யாரும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

உயர்நிலை வகுப்புகளுக்கு: 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டத்தைக் குடிமையியலோடு இணைக்கலாம். விற்பனைக் குழு, விற்பனைச் சான்றிதழ், கணக்கெடுப்பு முடியும்வரை வியாபாரிகளை அகற்றக் கூடாது என்ற விதி ஆகியவற்றைப் படிக்கும்போது, தள்ளுவண்டிக்காரர் சட்டத்தின் கண்ணில் உரிமை உள்ள குடிமகன் என்பது தெளிவாகும். அவருக்குக் கடமையும் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். சுத்தமான நீரைப் பயன்படுத்த வேண்டும். உரிமை, கடமை இரண்டையும் ஒரே எடுத்துக்காட்டில் காட்டிவிடலாம்.

வேறு மாவட்டங்கள் பலவற்றில் அத்தோ இல்லாமல் இருக்கலாம். அதற்கு இணையான ஒன்று நிச்சயம் இருக்கும். நீலகிரியில், இலங்கையிலிருந்து திரும்பிய மலையகக் குடும்பங்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அந்த வீடுகளின் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இதே பாடத்தைச் சொல்லும். தூத்துக்குடி மக்ரூனில் சேரும் முந்திரி, போர்ச்சுகீசியர்கள் வழியாகப் பிரேசிலிலிருந்து வந்தது. நாம் நம்முடையது என்றே நினைக்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே.

சில எச்சரிக்கைகள்

இந்தப் பாடத்தில் நாம் தவறு செய்யவும் வாய்ப்பு உண்டு. முதலாவது, ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி 'இவள் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது' என்று அறிமுகம் செய்யக் கூடாது. சொல்வதா வேண்டாமா என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். பேட்டியை எல்லோரும் எடுக்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் ஓர் உணவு வரலாறு உண்டு என்றால்தான் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். இரண்டாவது, இடம்பெயர்ந்த குடும்பங்களில் பேச விரும்பாத இழப்புகள் இருக்கும். உணவைப் பற்றிக் கேட்டால் அவர்களாகவே எவ்வளவு சொல்கிறார்களோ அவ்வளவு போதும். மூன்றாவது, சுகாதாரம் பற்றிப் பேசும்போது 'ரோட்டுக்கடை என்றாலே அசுத்தம்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியம் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளின் வீட்டுச் சோற்றைப் பற்றியதாக இருக்கலாம். மூடி வைத்த உணவா, கை கழுவினார்களா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கக் கற்றுத்தருவது சரியான வழி. அந்தக் கேள்விகள் பெரிய உணவகத்துக்கும் பொருந்தும்.

பேட்டிகளைச் சமர்ப்பித்த நாளில் அந்த மாணவி இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தாள். பாட்டி சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்தது, பூண்டு எண்ணெய் கருகாமல் எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்று அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது, அப்பா மாலை நான்கு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதற்குப் பகல் முழுவதும் வீட்டில் எத்தனை வேலை நடக்கிறது என்று எல்லாம் இருந்தது. வகுப்பில் வாசிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நான் வற்புறுத்தவில்லை. மற்றவர்களுடைய பக்கங்களோடு அதையும் சுவரில் ஒட்டினோம்.

இரண்டு நாள் கழித்து, இடைவேளையில் என் மேசைக்கு வந்தாள். "மிஸ், எமிஸ்ல அப்பா வேலை கூலின்னு இருக்குல்ல, அத மாத்த முடியுமா?" என்றாள். முடியும் என்றேன். சுயதொழில் என்று மாற்றினோம். கூலி என்பதும் மதிப்புள்ள உழைப்புதான் என்று அவளிடம் சொன்னேன். "தெரியும் மிஸ். ஆனா எங்கப்பா கூலி இல்லல்ல" என்றாள்.

சரியான தகவல் பதிவேட்டில் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தத் தகவலைச் சரியாகச் சொல்லும் துணிவு ஒரு பிள்ளைக்கு வர, வகுப்பறையில் சில பாடவேளைகள் தேவைப்பட்டன. அந்தப் பாடவேளைகளைத் தருவதற்கு நம்மால் முடியும்.